தோசை வேகும்வரை சர்வர் என்ன செய்வார்? வாட்ஸ்அப்பைத் தாங்கும் ஒரு பழைய யோசனை

தமிழ்நாட்டில் ‘சர்வர்’ என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. தாத்தா, பாட்டியிடம் கேட்டால், தோளில் துண்டோடு டேபிள் டேபிளாகச் சுற்றி வரும் ஹோட்டல் சர்வரைச் சொல்வார்கள். 1964-ல் வந்த ‘சர்வர் சுந்தரம்’ நாகேஷ் உடனே நினைவுக்கு வருவார். பேரப் பிள்ளைகளுக்கோ சர்வர் என்றால், எங்கோ ஏ.சி அறையில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கம்ப்யூட்டர். ‘சர்வர் டவுன்’ என்றால் இன்று அதுதான் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

யோசித்துப் பார்த்தால் இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். வருகிறவர் கேட்பதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ச் சொல்ல வேண்டும். தயாரானதும் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். ஆனால், ஹோட்டல் சர்வருக்கு யாரும் சொல்லித் தராமலே தெரிந்த ஒரு விஷயத்தை, கம்ப்யூட்டர் சர்வர்கள் பரவலாகக் கற்றுக்கொள்ளப் பல வருடங்கள் பிடித்தன.

மூன்றாம் டேபிளில் மசால் தோசை கேட்கிறார்கள். சர்வர் உள்ளே குரல் கொடுக்கிறார். தோசை வேகச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை அவர் கல்லுக்குப் பக்கத்தில் நின்று தோசையையே பார்த்துக்கொண்டிருப்பாரா? மாட்டார். அடுத்த டேபிளுக்குத் தண்ணீர் வைப்பார், இன்னொரு டேபிளுக்கு சாம்பார் ஊற்றுவார், சாப்பிட்டு முடித்தவருக்கு பில் கொடுப்பார். மாஸ்டர் ‘மசால் ரெடி’ என்றதும் போய் எடுத்து வருவார்.

இதற்கு சாஃப்ட்வேர் உலகம் வைத்திருக்கும் பெயர் ‘அசின்க்ரோனஸ் புரோகிராமிங்’. சுருக்கமாக ‘அசிங்க்’ என்பார்கள். தமிழில் எழுதிப் பார்த்தால் கொஞ்சம் அசிங்கமாகத்தான் இருக்கிறது. விஷயம் என்னவோ அழகானது!

கல்லுக்குப் பக்கத்திலேயே நின்றவர்கள்

கம்ப்யூட்டர் எப்போதும் மும்முரமாக வேலை செய்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில், ஓர் இணையதளத்தின் சர்வர் பெரும்பாலான நேரம் காத்துக்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள் ஒரு பக்கத்தைத் திறந்தால், அது டேட்டாபேஸிடம் விவரம் கேட்கும், டிஸ்க்கிலிருந்து ஒரு படத்தைத் தேடும், வங்கியின் கம்ப்யூட்டரிடம் ஒப்புதல் கேட்கும். ஒவ்வொரு முறையும் பதில் வரச் சில மில்லி விநாடிகள் ஆகும். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை. ஒரு விநாடியில் பல கோடிக் கணக்குகள் போடும் கம்ப்யூட்டருக்கோ, அது ஒரு முழு மதியத் தூக்கம்.

முன்பு பரவலாக இருந்த முறைப்படி, வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ‘த்ரெட்’ ஒதுக்கப்படும். ஒரு டேபிளுக்கு ஒரு சர்வர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த டேபிளின் தோசை வரும்வரை அவர் வேறு எதையும் தொட மாட்டார். பத்து டேபிள் இருந்தால் பிரச்னையில்லை. பத்தாயிரம் டேபிள் வந்தால்? ஒவ்வொரு த்ரெட்டுக்கும் நினைவகத்தில் இடம் ஒதுக்க வேண்டும். ஜாவா மொழியில் பொதுவாக ஒரு த்ரெட்டுக்கு 1 எம்.பி ஒதுக்கப்படும். பத்தாயிரம் பேருக்கு என்றால் சுமார் 10 ஜி.பி. இதுபோக, ஒரு த்ரெட்டை நிறுத்தி இன்னொன்றை எழுப்பவும் ஒவ்வொரு முறையும் கொஞ்ச நேரம் செலவாகும். ஹோட்டல் முழுக்க சும்மா நிற்கும் சர்வர்கள். நடக்க வழி இல்லை!

1999-ல் டான் கெகல் என்ற அமெரிக்கப் பொறியாளர் இந்தச் சிக்கலுக்கு ‘சி10கே’ என்று பெயர் வைத்தார். ஒரே கம்ப்யூட்டர், ஒரே நேரத்தில் பத்தாயிரம் பேரைச் சமாளிக்க முடியாதா என்பதுதான் கேள்வி. அவர் வாதம் எளிமையானது. இயந்திரத்தில் போதுமான சக்தி இருக்கிறது, அதைப் பயன்படுத்தும் விதம்தான் சரியில்லை.

அடுத்த பத்து வருடங்களில் பதில்கள் வரிசையாக வந்தன. ரஷ்யாவின் ஈகோர் சிசோயெவ் எழுதிய ‘என்ஜின்எக்ஸ்’ 2004-ல் வெளியானது. ரயன் டால் உருவாக்கிய ‘நோட்.ஜேஎஸ்’ 2009-ல் வந்தது. இரண்டிலும் அடிப்படை, நம் ஹோட்டல் சர்வரின் உத்திதான். ஆளைக் கூட்டாமல், இருக்கிற ஆளைச் சும்மா நிற்க விடாமல் பார்த்துக்கொள்வது. பிறகு சி ஷார்ப், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் என்று ஒவ்வொரு மொழியிலும் ‘அவெயிட்’ என்ற சொல் புகுந்தது. ‘காத்திரு’ என்று பொருள். ஆனால், வழியை மறிக்காமல் காத்திரு!

இந்த முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு. ஒரே சர்வர் எல்லா டேபிளையும் பார்க்கிறார். அவரை ஒரு வாடிக்கையாளர் பிடித்துவைத்து அரை மணி நேரம் பில்லைச் சரிபார்க்கச் சொன்னால், மற்ற எல்லா டேபிளும் காய்ந்துகொண்டிருக்கும். அவர் வழுக்கி விழுந்தால் ஹோட்டலே நின்றுவிடும்.

இந்த இடத்தில்தான் இன்னொரு பதில் முக்கியமாகிறது. டான் கெகல் கேள்வி கேட்பதற்குப் பல வருடங்கள் முன்பே, இணையதளங்களை நினைத்துக்கூடப் பார்க்காத ஒரு குழு அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தது. அது பிறந்த இடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

காத்திருப்பைக் கணக்குப் போட்டவர்

டிரங்க் கால் காலத்தை வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். எக்ஸ்சேஞ்சுக்கு போன் செய்து ஊரும் எண்ணும் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட வேண்டும். லைன் கிடைத்ததும் ஆபரேட்டரே திரும்ப அழைப்பார். லைன்கள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். எத்தனை லைன் போட்டால் எத்தனை பேர், எவ்வளவு நேரம் காத்திருக்க நேரும்?

இந்தக் கேள்விக்கு முறையாகக் கணக்குப் போட்டவர், அக்னர் எர்லாங் என்ற டென்மார்க் கணித அறிஞர். கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த அவர், 1909-ல் தன் முதல் ஆய்வை வெளியிட்டார். வரிசையில் நிற்பதைப் பற்றி இன்று ஒரு தனிக் கணிதத் துறையே இருக்கிறது. அதன் முன்னோடி அவர்தான். டெலிபோன் நெரிசலை அளக்கும் அலகுக்கும் ‘எர்லாங்’ என்றே பெயர்.

சுமார் எண்பது வருடங்களுக்குப் பிறகு, ஸ்வீடனின் எரிக்சன் நிறுவன ஆய்வகத்தில் ஒரு புது கம்ப்யூட்டர் மொழி பிறந்தது. அதற்கும் அதே பெயர் வைத்தார்கள், எர்லாங்.

ஜோ ஆர்ம்ஸ்ட்ராங்கின் கேள்வி

அந்த மொழியைத் தொடங்கிவைத்தவர் ஜோ ஆர்ம்ஸ்ட்ராங். 1950-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். லண்டனில் இயற்பியல் படித்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, ஸ்வீடனுக்குப் போய், அந்த நாட்டின் முதல் செயற்கைக்கோளான ‘வைக்கிங்’ திட்டத்திலும் வேலை செய்தார். எரிக்சனில் சேர்ந்த பிறகு, 1986-ல் எர்லாங்குக்கான வேலையை ஆரம்பித்தார். ராபர்ட் விர்டிங், மைக் வில்லியம்ஸ் இருவரும் கூட்டாளிகள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் ஒரு விசித்திரமான இயந்திரம். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் பேசிக்கொண்டிருப்பார்கள். அதை நிறுத்திவைத்துப் பழுது பார்க்க முடியாது. ஒருவருடைய அழைப்பில் கோளாறு வந்தால், அந்த ஒரு அழைப்பு அறுந்துபோகலாம். மற்றவர்களுக்கு அது தெரியவே கூடாது.

மற்ற புரோகிராமர்கள் ‘தப்பே வராமல் எழுதுவது எப்படி?’ என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, ஆர்ம்ஸ்ட்ராங் வேறு கேள்வி கேட்டார். தப்பு வரத்தான் செய்யும், எழுதுகிறவர் மனிதர்தானே? வந்த பிறகும் வேலை நிற்காமல் இருக்க என்ன செய்யலாம்?

அவர் குழு கண்ட விடை மூன்று பகுதிகள் கொண்டது.

முதலாவது, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி ‘புராசஸ்’. பெயர்தான் பெரிது, ஆள் மிகச் சிறியவர். இன்றைய எர்லாங்கில் புதிதாகப் பிறக்கும் ஒரு புராசஸுக்கு சுமார் 2.6 கே.பி இடம் போதும். மேலே பார்த்த 1 எம்.பி-யோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து லட்சம் த்ரெட்டுகளுக்கு 1,000 ஜி.பி ஒதுக்க வேண்டும் என்றால், பத்து லட்சம் எர்லாங் புராசஸ்கள் தொடங்க 3 ஜி.பி-க்குள் அடங்கிவிடும். ஒரு டேபிளுக்கு ஒரு சர்வர் என்ற பழைய முறையேதான். ஆனால், சர்வர்கள் எறும்பு அளவுக்குச் சிறியவர்கள். அதனால் இடம் அடைப்பதில்லை. ஒருவருக்கு ஒதுக்கிய பங்கு வேலை முடிந்ததும் அடுத்தவருக்கு முறை வந்துவிடும். யாரும் யாரையும் பிடித்துவைக்க முடியாது.

இரண்டாவது, எதையும் பொதுவில் வைப்பதில்லை. ஒரு ஹோட்டலில் எல்லா சர்வர்களுக்கும் சேர்த்து ஒரே நோட்டு, ஒரே பேனா என்று வையுங்கள். ஒருவர் நோட்டை எடுத்துக்கொண்டு பேனாவுக்காக நிற்பார். இன்னொருவர் பேனாவை வைத்துக்கொண்டு நோட்டுக்காக நிற்பார். இரண்டு பேரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். பில் எழுதவே முடியாது. சாஃப்ட்வேரில் இதற்கு ‘டெட்லாக்’ என்று பெயர். எர்லாங்கில் ஒவ்வொரு புராசஸுக்கும் தன் நோட்டு, தன் பேனா. ஒன்றுக்கு இன்னொன்றிடம் ஏதாவது தேவை என்றால், செய்தி அனுப்பிக் கேட்க வேண்டும். பொதுச் சொத்து இல்லை என்பதால், ஒருவர் விழுந்தாலும் அடுத்தவருடைய நோட்டு கிழியாது.

மூன்றாவதுதான் பலருக்கும் அதிர்ச்சி தந்தது. ‘விழுந்தால் விழட்டும்!’ ஒரு புராசஸில் எதிர்பாராத கோளாறு வந்தால், அது முட்டி மோதிச் சமாளிக்க வேண்டாம். அங்கேயே முடிந்துபோகட்டும். அதைக் கவனிக்க ‘சூப்பர்வைசர்’ என்று தனியாக ஒரு புராசஸ் இருக்கும். அது விழுந்ததற்குப் பதில் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிடும். சூப்பர்வைசர் வேறு எந்த வேலையும் செய்யாது. தன் கீழ் உள்ளவர்களைத் தொடங்குவது, கவனிப்பது, தேவைப்பட்டால் மறுபடி தொடங்குவது, அவ்வளவுதான். குறிப்பிட்ட நேரத்துக்குள் அளவுக்கு மீறி விழுந்துகொண்டே இருந்தால், ‘இது என்னால் ஆகாது’ என்று சூப்பர்வைசரே வேலையை நிறுத்திக்கொள்ளும். பிரச்னை அதற்கு மேலே உள்ள சூப்பர்வைசரிடம் போகும்.

பிறந்த வீட்டிலேயே தடை

எரிக்சனின் ஏ.எக்ஸ்.டி 301 என்ற ஸ்விட்ச், 10 லட்சம் வரிகளுக்கு மேல் எர்லாங்கில் எழுதப்பட்டு, 1998-ல் வாடிக்கையாளர்களுக்குப் போனது. குழுவுக்கு அது பெருமையான வருடமாக இருந்திருக்க வேண்டும். ஆனால், அதே வருடம் எரிக்சனின் ரேடியோ பிரிவு, புதிய தயாரிப்புகளில் எர்லாங்கைப் பயன்படுத்தக் கூடாது என்று முடிவெடுத்தது. சொந்தமாக ஒரு மொழியை வைத்துக் காலம் முழுக்கப் பராமரிப்பதைவிட, உலகம் பயன்படுத்தும் மொழியையே நாமும் பயன்படுத்தலாம் என்பது நிர்வாகத்தின் கணக்கு.

கம்பெனி கோணத்தில் பார்த்தால் அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பன்னிரண்டு வருடம் வளர்த்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும்? நமக்கு உதவாதென்றால் உலகத்துக்காவது கொடுத்துவிடலாம் என்று அவர்கள் கேட்டு வாங்கினார்கள். 1998 டிசம்பரில் எர்லாங், யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிடப்பட்டது. அதே மாதம், ஆர்ம்ஸ்ட்ராங் உட்பட குழுவில் பலர் வேலையை விட்டு வெளியேறி, ‘புளூடெயில்’ என்ற சிறிய கம்பெனியைத் தொடங்கினார்கள்.

ஆர்ம்ஸ்ட்ராங் பிறகு மாணவரானார். தப்புகள் நிறைந்த புரோகிராம்களை வைத்துக்கொண்டு நம்பகமான அமைப்புகளைக் கட்டுவது எப்படி என்பதையே ஆய்வேடாக எழுதி, 2003-ல் ஸ்டாக்ஹோமில் டாக்டர் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு 52 வயது. அடுத்த வருடம் எரிக்சனுக்கே வேலைக்குத் திரும்பினார்!

குட்மார்னிங் செய்தி போகும் வழி

2009-ல் ஜான் கோம், பிரையன் ஆக்டன் இருவரும் வாட்ஸ்அப்பைத் தொடங்கினார்கள். செய்திகளைக் கடத்த அவர்கள் எடுத்துக்கொண்டது, எர்லாங்கில் எழுதப்பட்ட ‘இஜாபர்டி’ என்ற இலவச சாஃப்ட்வேர். அதைத் தங்கள் தேவைக்கு ஏற்பத் தட்டித் தட்டி மாற்றினார்கள்.

பொருத்தம் தானாகவே அமைந்திருந்தது. வாட்ஸ்அப்பும் ஒருவகையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்தானே? கோடிக்கணக்கான போன்கள் இணைப்பில் இருக்கும். ஆனால், அவற்றில் பெரும்பாலானவை எந்த நொடியிலும் சும்மாதான் இருக்கும். எப்போதாவது ஒரு ‘சாப்டாச்சா?’, காலையில் ஒரு ரோஜாப்பூ படம். காத்திருப்பதற்குச் செலவே ஆகக் கூடாது. ஒருவருடைய போன் பாதியில் அணைந்தால் அடுத்தவருக்குத் தெரியக் கூடாது.

2012 ஜனவரியில், ஒரே சர்வரில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்கிக் காட்டியதாக வாட்ஸ்அப் அறிவித்தது. டான் கெகல் பத்தாயிரம் கேட்டு 13 வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. 2014 பிப்ரவரியில், ஃபேஸ்புக் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாகச் சொன்னபோது, அதன் பயனாளர்கள் 45 கோடி பேர். இன்ஜினீயர்கள் 32 பேர். ஒரு இன்ஜினீயருக்கு சுமார் 1.4 கோடி மக்கள்!

எல்லாப் புகழும் எர்லாங்குக்கே என்று சொல்லிவிட முடியாது. விளம்பரம் இல்லை, விளையாட்டு இல்லை, செய்தி மட்டும்தான் என்று ஆப்பை எளிமையாக வைத்திருந்ததும் ஒரு காரணம். ஆனால், ஒரு காலத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட யோசனையின் மேல்தான், நம் குடும்பக் குரூப்பின் சண்டையும் சமாதானமும் இன்றும் போய்வருகின்றன.

மற்றவர்களும் தாமதமாக அதே பக்கம் வந்தார்கள். கூகுளில் பிறந்து 2009-ல் வெளியான ‘கோ’ மொழியின் ‘கோரூட்டின்’கள், 2 கே.பி-யில் தொடங்கும் சின்னஞ்சிறு ஆட்கள். தடித்த த்ரெட்டுகளோடு வாழ்ந்த ஜாவாவும், 2023 செப்டம்பரில் வந்த 21-ம் பதிப்பில் ‘விர்ச்சுவல் த்ரெட்’ என்ற மெல்லிய வகையைச் சேர்த்துக்கொண்டது. அதைப் பார்க்க ஆர்ம்ஸ்ட்ராங் இல்லை. 2019 ஏப்ரல் 20 அன்று, 68 வயதில் காலமானார்.

‘சொன்னா செய்றேன்’

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘எங்க வீட்டுல தினமும் காலையில நடக்கறதே இதுதானே!’ என்று சிலருக்குத் தோன்றும். ஒரு அடுப்பில் குக்கர், இன்னொன்றில் பால், நடுவில் பிள்ளைக்குத் தலை பின்னல். குக்கர் பக்கத்தில் யாரும் நிற்பதில்லை, விசில் வந்தால் போதும். பெண்களை ‘மல்டி டாஸ்கிங்’ ராணிகள் என்று புகழ்வதும் இதை வைத்துத்தான்.

அந்தப் புகழ்ச்சியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. ஆர்ம்ஸ்ட்ராங் ஒருமுறை குழந்தைக்கும் புரியும்படி ஒரு படம் வரைந்தார். இரண்டு வரிசை, ஒரே காபி மெஷின். இரண்டு வரிசை, இரண்டு காபி மெஷின். முதலாவதில் ஆட்கள் மாறி மாறிக் காபி பிடிக்கிறார்கள். இரண்டாவதில்தான் உண்மையிலேயே ஒரே நேரத்தில் இரண்டு காபி வருகிறது. பத்து வரிசை வைத்தாலும் மனிதர் ஒரே காபி மெஷின்தான். வரிசை மாறும்போதெல்லாம் ‘எங்கே விட்டேன்?’ என்று தேடும் செலவு கம்ப்யூட்டரைவிட நமக்கு அதிகம்.

அதைவிட முக்கியமானது அந்த சூப்பர்வைசர் விஷயம். எர்லாங்கில் வேலை செய்பவர் வேறு, கவனிப்பவர் வேறு. வீட்டில் இரண்டும் பெரும்பாலும் ஒரே தலைதான். அரிசி வேகிறதா, கேஸ் எப்போது தீரும், ஸ்கூல் ஃபீஸுக்குக் கடைசித் தேதி என்ன, மாமனாரின் பிரஷர் மாத்திரை இன்னும் எத்தனை நாளுக்கு வரும் என்று அத்தனையும் பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும். எது விழுந்தாலும் தூக்கி நிறுத்த வேண்டியவரும் அவரே. ‘இது என்னால் ஆகாது’ என்று மேலே அனுப்பலாம் என்றால், மேலே யாரும் இல்லை.

நல்ல மனதுள்ள கணவர்கள் சொல்வார்கள்: ‘நீ சொன்னா போதும், செய்றேன்.’ உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால், அதில் கைமாறுவது வேலை மட்டும். எதை, எப்போது சொல்ல வேண்டும் என்று நினைவில் வைத்திருக்கும் பொறுப்பு பழைய இடத்திலேயே இருக்கிறது. மாத்திரை வாங்கி வருவது ஐந்து நிமிட வேலை. அது தீரப்போகிறது என்று முப்பது நாளும் தெரிந்திருப்பதுதான் பாரம்.

பாரத்தைப் பிரிப்பது என்றால் அதைப் பிரிக்க வேண்டும். இந்த மாதம் மாத்திரை கணவரின் பொறுப்பு என்றால், அட்டையில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவதும் அவராகவே இருக்கட்டும். நடுவில் ஒருமுறை மறந்தால், மறக்கட்டும். அடுத்த மாதம் அவரே நினைவில் வைத்துக்கொள்வார்.